உச்சிமாகாளியின் பாதாளக்கரண்டி

ஜூன் 4, ஞாயிறு

வெள்ளிக்கிழமை சாயந்திரம் அப்பாவை எடுத்தோம். நேற்று சாம்பல் கரைத்துக் காடாற்று முடிந்தது. பதினாறாம் நாள் விசேஷம் வரை நான் ஊரிலேயே அம்மாவோடு இருப்பது என்று என் மனைவி கோமதி முடிவு செய்துவிட்டு, மதியப் பஸ்ஸில் திருநெல்வேலிக்குப் போய்விட்டாள். அவள் டீச்சர். எனக்கு லீவு கிடைக்கும், அவளுக்குக் கிடைக்காது என்பது அவள் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது.

நான் பஸ்ஸில் டிக்கெட் செக்கிங் பார்க்கிறவன். ஒருத்தனும் ஒழுங்காக டிக்கெட் எடுத்திருக்க மாட்டான் என்று நினைத்துக்கொண்டுதான் படியில் கால் வைப்பேன். அந்தக் கண்ணை டெப்போவில் கழற்றி வைத்துவிட்டு வர முடிகிறதா? துட்டி கேட்க, துக்கம் விசாரிக்க வருகிறவர்களையும் அப்படித்தான் பார்க்கிறேன்.

வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள். "உங்க அப்பா மாதிரி ஒரு மனுசன் இனிமே பொறந்துதான் வரணும் பாத்துக்கிடுங்க. ஒரு சொல்லு அதிர்ந்து பேச மாட்டாரு." சரி, சந்தோஷம். ஆனால் சொல்லிக்கொண்டே கண்ணை எங்கே ஓட்டுகிறார்கள்? என்னைப் பார்ப்பதில்லை. அம்மாவைப் பார்ப்பதில்லை. தொழுவத்துப் பக்கம் பார்க்கிறார்கள். மாடு விற்று எவ்வளவோ காலமாயிற்று. காலித் தொழுவத்தில் இவர்களுக்கு என்ன இருக்கிறது?

ஜூன் 5, திங்கள்

திருமலையாண்டி அண்ணாச்சி வந்தார். முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர், எண்பதை நெருங்குகிறார். அவர் வீட்டு வாசலில் அப்பா துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்று நான் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவர் இன்று எங்கள் வீட்டு ஸ்டூலில் உட்கார்ந்து காப்பி குடித்தார். அப்போதே எனக்கு ஏதோ இடித்தது.

பதினாறாம் நாள் அன்று சமுதாயக் கூடத்தில் அப்பா படத்தைத் திறந்து வைக்கப் போகிறார்களாம்.

"எதுக்கு அண்ணாச்சி? கெணறு வெட்டுன கூலிக்காரருக்கு எதுக்குப் படம்?"

"என்னடே பேச்சிமுத்து இப்படிக் கேக்க? இந்த ஊர்ல உங்கப்பா உச்சிமாகாளி எறங்காத கெணறு உண்டா? காசுன்னு ஒரு நாள் கை நீட்டியிருப்பாரா?"

அது உண்மைதான். ஊரில் பாதாளக்கரண்டி இருந்தது எங்கள் வீட்டில் மட்டும்தான். இரும்பு வளையத்தைச் சுற்றிக் கொத்தாகக் கொக்கிகள் தொங்கும். கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் விட்டுத் துழாவினால் விழுந்த வாளியோ குடமோ மாட்டிக்கொண்டு வரும். கரண்டிக்கு அகப்படாததை அப்பாவே இறங்கி முங்கி எடுப்பார். ராத்திரி பகல் பார்க்க மாட்டார், யார் வீடு என்றும் பார்க்க மாட்டார். இதைத்தான் ஊர் சேவை என்கிறது.

கிளம்பும்போது அண்ணாச்சி வாசலில் நின்று, "தொழுவத்துல பழைய ஏனம் எதுவும் கெடக்காடே?" என்றார்.

"என்ன ஏனம்?"

"செம்பு, சட்டின்னு... சும்மாதான் கேட்டேன்."

பஸ்ஸில் "சும்மா ஏறினேன் சார்" என்று சொல்கிறவனைத்தான் நான் முதலில் பிடிப்பேன்.

ஜூன் 6, செவ்வாய்

அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை வாங்கினேன். துணி துவைத்து, பின்பக்கத்துக் கிணற்றின் மேல் காயப்போட்டேன். என் அக்கா வடிவு அதில் விழுந்து இறந்த பிறகு அப்பா கல்பலகை போட்டு மூடிவிட்டார். இடுப்பளவுச் சுவர், மேலே பலகை. துணி உலர்த்தத் தோதாக இருக்கிறது.

தொழுவத்துச் சாவியைக் கேட்டேன். "அங்க என்ன இருக்கு, பழைய சாணிதான்" என்றாள் அம்மா. சாணிக்கு எதற்குப் பூட்டு?

ஜூன் 7, புதன்

சாவி கிடைத்துவிட்டது. அம்மாவின் முந்தியில் முடிந்திருந்தது. அவள் குளிக்கப் போன நேரத்தில் கொடியில் கிடந்த சேலையிலிருந்து அவிழ்த்தேன். எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

தொழுவத்தில் சாணி இல்லை. பெருக்கிச் சுத்தமாக இருந்தது. சுவரில் பாதாளக்கரண்டி தொங்கியது. மூலையில் நெல் கொட்டி வைக்கிற பழைய மண் குலுக்கை. அதன் மூடியைத் தூக்கினேன். உள்ளே வாய்வரைக்கும் பாத்திரங்கள். பித்தளைச் செம்பு, வெண்கலக் கிண்ணம், எவர்சில்வர் டம்ளர். ஒவ்வொன்றிலும் பேர் வெட்டியிருக்கிறது. சீர்வரிசைப் பாத்திரத்தில் பெண்ணின் பேரை வெட்டித் தருவார்களே, அந்த மாதிரி. வேலம்மாள். செண்பகம். ராசாத்தி. முத்துப்பேச்சி.

கைக்கு வந்தவற்றை எல்லாம் புரட்டிப் பார்த்தேன். ஒன்றுகூட எங்கள் வீட்டுப் பேர் இல்லை. எத்தனை என்று எண்ணவில்லை. எண்ணினால் கேஸ் ஆகிவிடும்.

இன்னொன்று. எதிலும் களிம்பு இல்லை. புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று இருக்கின்றன. படுக்கையில் விழுகிறவரைக்கும் அப்பா இவற்றைத் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

ஜூன் 8, வியாழன்

அப்பா எடுத்திருப்பாரா? பதினாறாம் நாள் படம் திறக்கிறார்கள். அன்றைக்கு எவனாவது ஒருத்தன் எழுந்து "எங்க வீட்டுச் செம்பு எங்கே?" என்று கேட்டால்?

ஜூன் 9, வெள்ளி

இன்று கொஞ்சம் தெளிந்தேன். கரண்டி இரவல் வாங்க வருகிறவர்கள் ஒரு பாத்திரத்தை ஈடாக வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அது பழைய வழக்கம். கரண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது பாத்திரத்தை வாங்கிக்கொள்வார்கள். இல்லாவிட்டால் கரண்டி வீடு வீடாகச் சுற்றி ஒரு நாள் காணாமலே போய்விடும்.

கரண்டியைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் அப்பா வந்தவர் முகத்தைப் பார்த்து, "வாளிதானே?" என்று கேட்பார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் லீவுக்கு வரும்போதெல்லாம் கவனித்திருக்கிறேன். கிணற்றில் வாளி விழாமல் வேறென்ன விழும்? இந்த மனுஷன் இதற்குக்கூடவா ஊரைச் சந்தேகப்படுவார் என்று சிரித்துக்கொள்வேன். எனக்குச் சந்தேகப் புத்தி எங்கிருந்து வந்தது என்று கோமதி கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

ஆக, குலுக்கையில் இருப்பது ஈடு வைத்த பாத்திரங்கள். திருட்டு இல்லை. அப்பாடா என்று எழுதப் போனேன். எழுத முடியவில்லை. கரண்டி சுவரில் தொங்குகிறது. அதாவது, வாங்கினவர்கள் எல்லோரும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பிறகு ஏன் பாத்திரங்கள் இங்கேயே இருக்கின்றன? அப்பா கொடுக்காமல் வைத்துக்கொண்டாரா? அடக்கமான மனுஷன் என்கிறார்கள். அமுக்கினவர் என்று சொல்லாமல் விட்டுவிட்டார்களா?

நாளைக்கு ஒன்றைக் கொண்டுபோய்க் கேட்டுவிடுகிறேன்.

ஜூன் 10, சனி

செண்பகம் என்று பேர் வெட்டிய செம்பை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு மாரியப்பன் கடைக்குப் போனேன். செண்பகம் அவனுடைய அக்கா, எப்போதோ போய்ச் சேர்ந்தவள். கடையும் வீடும் ஒன்றுதான். செம்பை எடுத்து மேஜையில் வைத்தேன்.

"இது உங்க வீட்டு ஏனமா மாரியப்பா?"

அவன் முகம் சுண்டிப்போயிற்று. தொடக்கூட இல்லை. "எங்க வீட்டுது இல்லண்ணே."

"உங்க அக்கா பேருல்லா வெட்டியிருக்கு?"

"இல்லன்னு சொல்லுதேன்லா. எடுத்துட்டுப் போங்க மொதல்ல."

பட்டப்பகலில் கடைக் கதவைச் சாத்திவிட்டான். சொந்தச் செம்பை வேண்டாம் என்கிறவனை நான் இப்போதுதான் பார்க்கிறேன். தெருமுனை வருவதற்குள் அவன் மனைவி செல்லக்கனி பின்னாலேயே வேகமாக வந்தாள்.

"அண்ணே, கோவிச்சுக்கிடாதிய. அத வீட்டுக்குள்ள ஏத்தக் கூடாது. மதினி கால் வழுக்கிக் கெணத்துல விழுந்தப்பம் உங்கப்பாகிட்டக் கரண்டிக்கு வச்ச ஏனம் அது. வாளிக்கு வச்சா வாங்கிக்கிடலாம். ஆளுக்கு வச்சத எப்படிண்ணே திரும்ப வாங்க?"

அப்போதுதான் விளங்கியது. அப்பா எதையும் அமுக்கவில்லை. ஒருத்தரும் வாங்க வரவில்லை, அவ்வளவுதான். ரோட்டிலேயே கண் கலங்கிவிட்டது. பாவம் செண்பகம், கால் வழுக்கியிருக்கிறாள். எங்கள் வடிவு அக்காவும் அப்படித்தான் போனாள். நான் பாளையங்கோட்டை ஹாஸ்டலில் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் இறைக்கப் போன இடத்தில் பாசி வழுக்கிவிட்டது என்று அப்பா சொன்னார். கிணற்றுப் பாசி பொல்லாதது.

ஜூன் 11, ஞாயிறு

மோட்டார் ரிப்பேர். ஆள் வரவில்லை. அம்மா ரசம் மட்டும் போதும் என்றாள்.

துட்டிக்கு வந்தவர்களிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டுப் பார்த்தேன். வேலம்மாள் எப்படிப் போனாள்? கால் வழுக்கி. ராசாத்தி? அதுவும் கால் வழுக்கித்தான். சொல்கிறபோது எல்லோரும் தரையைப் பார்க்கிறார்கள். ஒரு பஸ்ஸில் இத்தனை பேர் "டிக்கெட் காத்துல பறந்துட்டு சார்" என்று ஒரே மாதிரி சொன்னால் நான் விடுவேனா? அது என்ன, இந்த ஊர்க் கிணறுகளில் பெண்களுக்கு மட்டும் கால் வழுக்குகிறது?

ஜூன் 12, திங்கள்

திருமலையாண்டி அண்ணாச்சி மறுபடியும் வந்தார். படத்துக்கு மாலை என்ன மாலை என்று ஆரம்பித்தார். நான் நேராகக் கேட்டேன்.

"அண்ணாச்சி, அப்பா தூக்கின பொம்பளையெல்லாம் கால் வழுக்கித்தான் விழுந்தாங்களா?"

அவர் கொஞ்ச நேரம் தடியின் பூணைத் தடவிக்கொண்டிருந்தார்.

"தூக்கி வெளிய கெடத்துனதும் ஊரே கூடி நிக்கும்லா. அப்பம் மொத வார்த்தை உங்கப்பா வார்த்தைதான். 'கால் வழுக்கியிருக்கு, பாசியில தடம் இருக்கு'ம்பாரு. தண்ணிக்குள்ள போயிட்டு வந்த ஆளு அவரு ஒருத்தர்தான். அவரு சொன்னதுக்குப் பெறவு எவன் வாயத் தொறப்பான்? போலீசு வந்தாலும் அதே வார்த்தைதான்."

"பொய்யி."

"பொய்யிதான். ஆனா அந்தப் பிள்ளையளப் பத்தி ஒரு சொல்லு தப்பா வராமப் போச்சில்லா. இல்லன்னா இந்த ஊரு சும்மா விடுமா? எவன்கூடப் போனா, எத்தன மாசம்னு பேசியே கொன்னுருக்கும்."

"தள்ளிவிட்டவன், அடிச்சு விரட்டுனவன் எல்லாவனும் சேர்ந்துல்லா தப்பிச்சிருக்கான்? அவனுகளுக்கும் சேத்துத்தான் படமா?"

"முத்துப்பேச்சி செம்பு இருக்காடே?" என்றார்.

முத்துப்பேச்சி அவருடைய முதல் மனைவி. எனக்கு எல்லாம் புரிந்த மாதிரி இருந்தது. படமும் மாலையும் காப்பியும் இதற்குத்தான். இருக்கிற ஒரே தடயத்தை அழிக்க வந்திருக்கிறார்.

"அவங்களுக்கும் கால்தானே வழுக்குச்சி?" என்றேன், வேண்டுமென்றே.

"நான் அடிச்சேன்டே. அன்னைக்குக் காலைல, சோறு கொழஞ்சிட்டுன்னு. கன்னத்துல என் கைத் தடம் அப்படியே இருந்துச்சி. உங்கப்பா தன் துண்ட எடுத்து அவ மொகத்த மூடிட்டு, ஊரப் பாத்துக் கால் வழுக்கிருச்சின்னாரு. பெறவு எங்கிட்ட வந்து, 'ஏனம் எங்கிட்ட இருக்கும் மொதலாளி'ன்னாரு. மெதுவாத்தான் சொன்னாரு. அம்புட்டுதான். அதுக்குப் பெறவு எந்த வீட்டு வாசல்ல அவரு துண்டக் கையில பிடிச்சிட்டு நின்னாலும், நான்தான்டே தலையக் குனிஞ்சிக்கிட்டுப் போவேன். நான் சாவுறதுக்குள்ள அதக் குடுத்துரு."

அழுதார். நிஜ அழுகையா என்று பார்த்தேன். நிஜம்தான். ஆனாலும் செம்பைக் கொடுக்கவில்லை. அப்பா வைத்ததை எடுத்துக் கொடுக்க நான் யார்?

அப்பாமேல் கோபம் கோபமாக வருகிறது. ஒரு தடவையாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா?

ஜூன் 13, செவ்வாய்

வடிவு அக்கா கால் வழுக்கித்தான் விழுந்தாள். எங்கள் கிணற்றில் பாசி உண்டு. நானே பார்த்திருக்கிறேன்.

ஜூன் 14, புதன்

மோட்டார் சரியாகிவிட்டது.

தொழுவத்துக்குப் போய்க் குலுக்கையைக் கவிழ்த்து எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். அடியில் ஒரு சின்ன எவர்சில்வர் செம்பு இருந்தது. அதை எனக்குத் தெரியும். அக்கா சடங்குக்கு மாமா கொண்டு வந்தது. உ. வடிவு என்று வெட்டியிருக்கும். நான் அதில் தண்ணீர் குடித்தால் பிடுங்கிக்கொண்டு ஓடுவாள்.

இது எப்படி இங்கே வந்தது? கரண்டி எங்களுடையது. எங்கள் கரண்டிக்கு நாங்களே எதற்கு ஈடு வைக்க வேண்டும்?

திரும்பினால் வாசலில் அம்மா நிற்கிறாள். சாவியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்து அந்தச் செம்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"வேற யாரு எறங்குவா? ஊருல அவுக ஒருத்தர்தான. ஓடி வந்தாக. கரண்டியத் தொடல. அடுக்களைக்குப் போயி இவ செம்ப எடுத்துட்டு வந்து இந்த இடத்துல வச்சாக. பெறவுதான் கரண்டிய எடுத்தாக. என்ன செய்யுதிய, பிள்ள உள்ள கெடக்குதேன்னு நான் கத்துதேன். ஊருக்கு ஒரு மொற, நமக்கு ஒரு மொறயான்னு கேட்டாக."

செம்பை முந்தியால் துடைத்தாள். பிறகு அவளாகவே சொன்னாள். "இந்த மாப்பிள்ள வேண்டாம்னு அவ ஒரு தடவ சொன்னாடே. அவுக வாக்குக் குடுத்துட்டேன்னாக. ரெண்டாவது தடவ அவ சொல்லல."

"கால் வழுக்கிருச்சின்னுதானம்மா அப்பா சொன்னாரு?"

"ஆமா. எல்லாருக்கும் சொன்ன மாதிரிதான் இவளுக்கும் சொன்னாக."

எங்கள் வீட்டுக் கிணறு உறைக்கிணறு. அதற்குப் படி கிடையாது. சுவர் இடுப்பளவு.

துணியெல்லாம் எடுத்து மடித்தேன். சாயந்திரம் அம்மாவுக்கு மாத்திரை கொடுத்தேன்.

ஜூன் 16, வெள்ளி

கூடத்தில் படம் வேண்டாம் என்று திருமலையாண்டி அண்ணாச்சிக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். நாளைக்கு வீட்டுப் படையலுக்கு வந்தால் போதும்.

நாள் முழுக்கப் புளி போட்டுப் பாத்திரம் தேய்த்தோம், அம்மாவும் நானும். அப்பா இந்த வேலையைத் தனியாக எப்படிச் செய்தார் என்று தெரியவில்லை. தோள்பட்டை விட்டுப்போயிற்று. கோமதி சாயந்திரம் வந்தாள். ஒன்றும் கேட்காமல் சேலையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஜூன் 17, சனி

அப்பா படத்துக்கு முன்னால் இலை போட்டு, சுற்றி எல்லாச் செம்பும் கிண்ணமும் தண்ணீர் நிரப்பி வைத்தோம். "பேரு உள்பக்கமா இருக்கட்டும்" என்றாள் அம்மா. அப்படியே வைத்தேன்.

ஊர் வந்தது. யார் முகம் எப்படி மாறுகிறது என்று வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். தொழில் புத்தி. பேர் தெரியாவிட்டாலும் அவரவர் வீட்டுப் பாத்திரம் அவரவருக்குத் தெரிந்துவிடுகிறது. ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. செல்லக்கனி தலையிலிருந்த பூவில் கொஞ்சம் கிள்ளி ஒரு செம்பில் போட்டாள். மாரியப்பன் வெளியே வேப்பமரத்தடியிலேயே நின்றுவிட்டான். திருமலையாண்டி அண்ணாச்சி உள்ளே வந்து, படத்தைப் பார்க்காமல், தரையில் உட்கார்ந்து முத்துப்பேச்சியின் செம்புக்கு முன்னால் தலையைத் தரையில் வைத்தார். தூக்கிவிட ஆள் வேண்டியிருந்தது. செம்பை அவர் மறுபடி கேட்கவில்லை.

அப்பா செய்தது சரியா தப்பா என்று என்னால் சொல்ல முடியவில்லை. எனக்கு அப்பா வேண்டும் போலிருக்கிறது. அவ்வளவுதான் தெரிகிறது.

ஜூன் 19, திங்கள்

பாத்திரங்களைக் குலுக்கையில் அடுக்கிவிட்டேன். அக்காவின் செம்பை மட்டும் அம்மா தலைமாட்டில் வைத்துக்கொண்டாள். எங்களோடு திருநெல்வேலிக்கு வர மாட்டேன் என்கிறாள். கோமதி பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

பத்து மணி இருக்கும். மாரியப்பன் வந்தான். வேகமாக நடந்து வந்திருக்கிறான், மூச்சு வாங்கியது. கையில் ஒரு பித்தளை டம்ளர். "கரண்டி வேணும்ணே" என்று டம்ளரை நீட்டினான்.

சுவரிலிருந்து கரண்டியை எடுத்தேன். கொடுக்க நீட்டிய கை நின்றுவிட்டது. அவன் முகத்தைப் பார்த்தேன்.

"வாளிதானே?"

"வாளிதாண்ணே."

நம்பவில்லை. வயசுக்கு வந்த பெண் இருக்கிற வீடு. கரண்டியை அவன் கையில் கொடுக்காமல் நானே தூக்கிக்கொண்டு, செருப்பைக்கூடப் போடாமல் அவன் வீட்டுக்கு நடந்தேன். கிணற்றடியில் செல்லக்கனி நின்றாள். "மக எங்க?" என்று கேட்டேன். உள்ளேயிருந்து அந்தப் பிள்ளை தலையைத் துவட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தது. அதற்குப் பிறகுதான் கயிற்றைக் கட்டிக் கரண்டியை உள்ளே விட்டேன். துழாவினேன். ஏதோ கனமாக மாட்டியது. மெதுவாக இழுத்தேன்.

வாளிதான்.